ஜனவரியில் யாராவது கூடாரம் போடுவார்களா? டெக்சஸ் ஸ்டேட் பார்க்குகளில் கூட்டமில்லாத நாட்கள்

கேள்வி, 2024 நவம்பர் 9

டாலஸ் பக்கம் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. ஜூலையில் குடும்பத்தோடு கார்னர் ஸ்டேட் பார்க் போனோம். ஃப்ரியோ ஆற்றில் தண்ணீர் தெரியவில்லை, மிதக்கும் டியூப்கள்தான் தெரிந்தன. பக்கத்துக் கேம்ப்சைட்டில் பேசியது முழுக்க எங்கள் டென்டுக்குள் கேட்டது. மூன்று வயதுக் குழந்தை இரவு முழுக்கத் தூங்கவில்லை. அமைதியாக இரண்டு இரவு இருந்துவிட்டு வர இந்த மாநிலத்தில் வழியே இல்லையா? குளிர்காலத்தில் போகலாம் என்று சொன்னால், ஜனவரியில் யாராவது கூடாரம் போடுவார்களா என்று வீட்டில் சிரிக்கிறார்கள். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நவம்பர் 10

ஜனவரியில்தான் போட வேண்டும் தம்பி. நான் பதினோரு குளிர்காலமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். டெக்சஸில் பருவம் தலைகீழ். கூடாரத்துக்குள் இருக்கவே முடியாத ஜூலையில்தான் எல்லோரும் வருகிறார்கள், ஏனென்றால் அப்போதுதான் பள்ளி விடுமுறை. வெயில் 100 டிகிரியைத் தாண்டும் (இங்கே டிகிரி என்றால் ஃபாரன்ஹீட்), இரவு பன்னிரண்டு மணிக்கும் துணி ஈரமாக ஒட்டும். அதே கார்னர் பார்க்கில் ஜனவரிச் செவ்வாய்க்கிழமை ஆற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

கூட்டம் வரும் நாட்களை முதலில் கழித்துவிடுங்கள். மார்ச்சில் ஸ்பிரிங் பிரேக். ஏப்ரலில் புளூபானெட் பூப்பதைப் பார்க்க வருபவர்கள். மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை சொல்லவே வேண்டாம். இலை சிவப்பதைப் பார்க்க லாஸ்ட் மேப்பிள்ஸுக்கு அக்டோபர் கடைசி, நவம்பரில் வரிசை நிற்கும். மீதி என்ன? தேங்க்ஸ்கிவிங் முடிந்த திங்களிலிருந்து டிசம்பர் 20 வரை. அப்புறம் ஜனவரி 2-லிருந்து பிப்ரவரி நடு வரை. இதிலும் மார்ட்டின் லூதர் கிங் விடுமுறை வரும் வார இறுதியை விட்டுவிடுங்கள், குளிரானாலும் அந்த மூன்று நாள் நிரம்பிவிடும்.

இரவு தங்கும் இடங்களுக்கு 5 மாதம் முன்பே முன்பதிவு திறக்கும், பகலில் மட்டும் போய் வர 30 நாள் முன்பு. வருட பாஸ் ஒன்று (2024-இல் 70 டாலர்) வாங்கினால் உங்கள் காரில் இருப்பவர்கள் எல்லோருக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. மூன்று நான்கு தடவை போனாலே கொடுத்த பணம் வந்துவிடும். குளிர்கால வார நாட்களில் முன்பதிவே தேவையில்லை, நேராகப் போய் நின்றால் இடம் கிடைக்கும்.

நவம்பர் 10, இரவு

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருந்தால் வார நாள் எப்படி என்று கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போங்கள். பகல் 12 மணிக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும், 2 மணிக்குப் புதியவர்கள் வரலாம். அந்த இரண்டு மணி நேரத்தில் பார்க் மொத்தமாக வடிந்துவிடும். எதிர்த்திசையில் நீளமாக வண்டிகள் வெளியே போக, நாம் மட்டும் உள்ளே போவோம். திங்கள் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் போதும்.

நவம்பர் 13

முன்பதிவு தேவையில்லை என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். மிக முக்கியமான ஒன்றை மறந்துவிட்டேன், எனக்கே நடந்தும் மறந்துவிட்டேன்.

சில வருடங்களுக்கு முன் டிசம்பரில் ஹில் கன்ட்ரியில் ஒரு பார்க்குக்கு நான்கு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனோம். கேட் பூட்டியிருந்தது. வேட்டை நாள் என்று பலகை. மான் பெருகித் தாவரங்களைத் தின்று தீர்த்துவிடுவதால், குலுக்கலில் அனுமதி பெற்றவர்களை வைத்துக் குளிர்காலத்தில் வேட்டை நடத்துகிறார்கள். அந்த நாட்களில் பார்க்கை முழுதாகவோ பாதியாகவோ மூடுவார்கள். அதுவும் பெரும்பாலும் வார நாட்களில், அதாவது நமக்குப் பிடித்த அதே நாட்களில். ஒவ்வொரு பார்க்கின் பக்கத்திலும் மூடும் தேதிகளை முன்கூட்டியே போட்டுவிடுகிறார்கள். பார்க்காமல் போனது என் தவறு. அன்றைக்கு மகள் கேட் ஓரத்தில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டாள், திரும்பி வந்தோம்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் மூடும் தேதி, அப்புறம் முன்பதிவு, அப்புறம் வானிலை. இடம் காலியாக இருந்தாலும் பதிவு செய்துவிட்டே கிளம்புங்கள்.

நவம்பர் 17

ஹூஸ்டன் நண்பர் கடற்கரைப் பக்கம் கேட்கிறார். அங்கே என் கணக்கு செல்லாது. வடக்கு மாநிலங்களிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் வீடு மாதிரி வசதியுள்ள பெரிய ஆர்வி வண்டிகளோடு வந்து மாதக்கணக்கில் தங்குவார்கள், விண்டர் டெக்ஸன்ஸ் என்று அவர்களுக்குப் பெயரே உண்டு. கடலோரத்துக்கும் ரியோ கிராண்டே பள்ளத்தாக்குக்கும் ஜனவரிதான் சீசன்.

ஆனாலும் ராக்போர்ட் பக்கம் கூஸ் ஐலண்டுக்கு ஒரு தடவை ஜனவரியில் போக வேண்டும். கூட்டம் என்றாலும் சத்தம் போடாத கூட்டம், எட்டரை மணிக்கே விளக்கை அணைத்துவிடுவார்கள். அங்கே ஆயிரம் வருடத்துக்கு மேல் வயதான ஓக் மரம் ஒன்று இருக்கிறது. 2017-இல் ஹார்வி புயல் அந்த ஊரையே சாய்த்தபோது அது நின்றது. பக்கத்து வயல்களில் ஹூப்பிங் கொக்கு மேயும். ஆளுயரத்துக்கு நெருங்கிய வெள்ளைப் பறவை. 1941 குளிர்காலத்தில் இந்தக் கூட்டத்தில் 15, 16 பறவைதான் மிஞ்சியிருந்தன. இன்றைக்கு 500-க்கு மேல். கனடாவின் வுட் பஃபலோ காட்டிலிருந்து சுமார் 4,000 கிலோமீட்டர் பறந்து வருகின்றன. வேடந்தாங்கலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சாலை ஓரத்தில் காரை நிறுத்தினால் கிளம்ப மனம் வராது. நாங்கள் பார்த்தது ஒரு ஜோடி, நடுவில் பழுப்பு நிறம் மாறாத குஞ்சு ஒன்று.

நவம்பர் 28

தேங்க்ஸ்கிவிங் நாள், வீட்டில் விருந்தாளிகள் தூங்குகிறார்கள், அதனால் இது.

போன வாரம் காடோ ஏரிக்குப் போய் இரண்டு இரவு இருந்தோம். டாலஸிலிருந்து கிழக்கே மூன்று மணி நேரத்துக்குள், லூசியானா எல்லை. எங்கள் வரிசையில் எங்களைத் தவிர ஒரே ஒரு கூடாரம். வாடகைப் படகில் துடுப்புப் போட்டுப் போனோம். சைப்ரஸ் மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கின்றன, கிளையெல்லாம் ஸ்பானிஷ் மாஸ் என்ற சாம்பல் நிறச் செடி தாடி மாதிரி தொங்குகிறது. ஊசியிலை மரம்தான், ஆனால் இலையுதிர்க்கிற வகை, நவம்பரில் துருப்பிடித்த இரும்பு நிறத்துக்கு வந்துவிடும். காலையில் பனிமூட்டத்துக்குள் அந்தச் சிவப்பு மெல்ல மெல்ல வெளியே வந்தது.

பிச்சாவரம் மாதிரி என்று எழுத ஆரம்பித்து அழித்துவிட்டேன். பிச்சாவரம் உப்புநீர், அலையாத்தி மரம், மரங்கள் தலைக்கு மேல் குகை மாதிரி கூடிவரும். இது நன்னீர், மரங்கள் கோயில் தூண் மாதிரி உயர்ந்து நிற்கின்றன. சத்தம்தான் வேறு: பிச்சாவரத்தில் நண்டு ஓடும் சரசரப்பு, இங்கே மரங்கொத்தி.

ஏரிக்கரையில் உள்ள சிற்றூரின் பெயர் அன்சர்ட்டன். நிச்சயமில்லை என்று ஒரு ஊருக்குப் பெயர். என் மனைவிக்கு அந்தப் பெயர்ப்பலகை மிகவும் பிடித்துவிட்டது.

கூடாரம் வேண்டாம் என்பவர்களுக்கு அங்கே அறைகளும் உண்டு. 1930-களில் வேலையில்லாத இளைஞர்களுக்கு அரசு வேலை கொடுத்த சிசிசி படை கட்டியவை. டெக்சஸின் பழைய பார்க்குகள் பலவற்றில் அவர்கள் கைவேலையைப் பார்க்கலாம், பாலோ டூரோ கேன்யனுக்குள் இறங்கும் சாலை உட்பட.

டிசம்பர் 8

குளிருக்கு என்ன எடுத்துப்போவது என்ற கேள்வி ஐந்தாறு பேரிடமிருந்து வந்துவிட்டது. என் அனுபவத்தில் ஆட்கள் உறைவது மேலே போர்த்தாததால் இல்லை, கீழே போடாததால். காற்று அடைத்த சாதாரண மெத்தையில் படுத்தால் உள்ளே இருக்கும் காற்று தரை குளிருக்கு வந்துவிடும், இரவு முழுக்க முதுகு வழியாகச் சூடு போய்க்கொண்டே இருக்கும். முதல் வருடம் இன்க்ஸ் லேக்கில் மூன்று போர்வைக்குள் நடுங்கினோம். அடுத்த தடவை மெத்தைக்கு மேல் நுரைப் பாய் ஒன்றைப் போட்டு, அதே போர்வையில் நன்றாகத் தூங்கினோம். பாய் வாங்கும்போது அதன் ஆர் மதிப்பை (சூடு வெளியே போகாமல் தடுக்கும் அளவு) பாருங்கள், உறைநிலைக்கு 4-க்குக் குறையாமல் இருக்கட்டும்.

ஸ்லீப்பிங் பேக்கில் போட்டிருக்கும் டிகிரி பல சமயம் நாம் உயிரோடு இருக்கும் டிகிரி, சுகமாகத் தூங்கும் டிகிரி இல்லை. 20 என்று போட்டிருந்தால் 32 வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கும் முன் எவர்சில்வர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, காலுறை ஒன்றுக்குள் நுழைத்துக் கால்மாட்டில் போடுங்கள். கூடாரத்தின் மேல் சன்னலை முழுக்க மூடாதீர்கள். நான்கு பேர் மூச்சு விட்டால் விடியற்காலை உள்ளே மழை பெய்யும், ஈரமான போர்வை குளிரைவிட மோசம்.

நம் வீடுகளில் எல்லோரும் வைத்திருக்கும் அந்த ஒற்றை அடுப்பு பியூட்டேன் ஸ்டவ் குளிரில் வேலை செய்யாது. பியூட்டேன் உறைந்துவிடும். பாலோ டூரோவில் ஒரு காலை டீத்தண்ணீர் நாற்பது நிமிடம் ஆகியும் கொதிக்கவில்லை. புரொப்பேன் ஸ்டவ் வாங்குங்கள், பச்சை நிறச் சின்ன சிலிண்டர்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். குளிருகிறது என்று ஸ்டவையோ கரி அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூக்கத்தில் தெரியவே தெரியாது. குழந்தை இருக்கும் வீடு என்றால் வேறு வழி இருக்கிறது: மின்வசதி உள்ள கேம்ப்சைட்டைப் பதிவு செய்து, எலெக்ட்ரிக் கம்பளி ஒன்றைப் போர்வைக்கு அடியில் விரித்துவிடுங்கள். நான் கூச்சமில்லாமல் அதைத்தான் செய்கிறேன்.

டிசம்பர் 9

திருத்தம். பியூட்டேன் உறைவதில்லை. அதன் கொதிநிலை மைனஸ் அரை டிகிரி செல்சியஸ், அதற்குக் கீழே போனால் திரவமாகவே கிடக்கும், ஆவியாகி மேலே வராது. புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். பொறியியல் படித்த மைத்துனர் போன் செய்து சொன்னார்.

டிசம்பர் 22

குளிரைப் பற்றி அவ்வளவு எழுதிய பிறகு தோன்றுகிறது, பிரச்சினை குளிர் இல்லை, காற்று.

வடக்கே கனடா வரை தடுக்க ஒரு மலை கிடையாது. புளூ நார்தர் என்பார்கள். வடக்கு வானத்தில் கருநீலக் கோடு ஒன்று தெரியும், அரை மணி நேரத்தில் காற்று திரும்பிவிடும். ஒரு பிப்ரவரியில் காப்பர் பிரேக்ஸில் மதியம் 74 டிகிரி, அரைக்கைச் சட்டையில் இருந்தோம். மாலை 4 மணிக்கு 38. கூடாரத்தின் கம்பி ஒன்று முறிந்து, அன்றிரவு நால்வரும் வேனுக்குள் உட்கார்ந்தே தூங்கினோம். ஆகவே வெப்பநிலையைப் பார்ப்பதோடு நிற்காமல், காற்று மணிக்கு எத்தனை மைல் என்றும் பாருங்கள். வீச்சு 30-க்கு மேல் என்றால் நான் பயணத்தைத் தள்ளிப்போடுகிறேன்.

நெருப்புக்கும் இதே கணக்கு. காய்ந்த புல், பலத்த காற்று இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இந்த வருடம் பிப்ரவரியில் டெக்சஸின் வடகோடியான பான்ஹேண்டிலில் பார்த்தோம். ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது, டெக்சஸ் வரலாற்றிலேயே பெரியது. கவுன்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தீத்தடை போட்டிருந்தால் விறகு மூட்டக் கூடாது. தடை இல்லாவிட்டாலும் காற்று அடித்தால் மூட்டாதீர்கள். கீழே கிடக்கும் சுள்ளியைப் பொறுக்கவும் அனுமதி இல்லை, விறகை அந்த ஊரிலேயே வாங்குங்கள்.

காற்றுக்குப் பயந்து பள்ளத்தாக்கின் அடியில் இடம் பிடிப்பதும் சரியில்லை. இரவில் குளிர்ந்த காற்று கனமாகி கீழே இறங்கித் தேங்கும். மேலே 30 டிகிரி இருக்கும்போது அடியில் 22 இருப்பதைக் காரின் தெர்மாமீட்டரிலேயே பார்த்திருக்கிறேன். நடுச்சரிவில், வடக்குப் பக்கம் ஜூனிப்பர் மரம் அடர்ந்த இடம் கிடைத்தால் அதை விடாதீர்கள்.

2025 ஜனவரி 5

குளிர் என்றேன், அப்புறம் காற்று என்றேன். நேற்று சாமான்களை எடுத்து வைக்கும்போது மனைவி சொன்னதுதான் சரி: குளிர்காலத்தில் ஜெயிக்க வேண்டியது இரவை.

ஜனவரி நடுவில் பான்ஹேண்டில் பக்கம் சூரியன் 6 மணிக்கு முன்பே விழுந்துவிடும், மறுநாள் 8 மணிக்குச் சற்று முன்தான் எழும். 14 மணி நேர இரவு. முதல் தடவை போகிறவர்கள் பகலுக்குத்தான் திட்டம் போடுவார்கள், எந்தப் பாதை, எத்தனை மைல் என்று. ஏழு மணிக்குச் சாப்பிட்டு முடித்துவிட்டு இருட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எட்டு மணிக்குப் படுத்தால் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வரும், விடிய இன்னும் ஐந்து மணி நேரம். அங்கேதான் குழந்தை அழும், பெரியவர்கள் எரிச்சல்படுவார்கள், இனி வரவே கூடாது என்று முடிவு செய்வார்கள்.

எங்கள் வழக்கம் இது. மதியச் சாப்பாட்டை மூன்றரைக்குத் தள்ளிவிடுவோம், அதுதான் சமைக்கிற சாப்பாடு. வெளிச்சத்திலேயே பாத்திரம் கழுவியாகிவிடும். இருட்டியதும் ஒரு நடை, கைவிளக்கு இல்லாமல். எட்டரை மணிக்கு பிளாஸ்கிலிருந்து ரசம், கூடவே அவல் அல்லது பிரட். அதற்குப் பிறகு தாயம். தாயக்கட்டை கொண்டுபோகாமல் நாங்கள் கிளம்புவதில்லை, நான்கு பேர் ஆடினால் பத்தரை ஆகிவிடும். பத்து மணிக்கு மேல் பார்க்கில் சத்தம் கூடாது, அதனால் கடைசிச் சண்டையெல்லாம் கிசுகிசுப்பில் நடக்கும். பத்தரைக்குப் படுத்தால் ஆறு வரை தூக்கம் நிச்சயம்.

கழிவறை எவ்வளவு தூரம் என்பதையும் வரைபடத்தில் பாருங்கள். பகலில் இருநூறு அடி, இரவு மூன்று மணிக்கு 24 டிகிரியில் அது வேறு தூரம்.

ஜனவரி 11

திங்கள் கிளம்புகிறோம், கேப்ராக் கேன்யன்ஸ். ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார், 74 வயது. போகியும் பொங்கலும் மாட்டுப் பொங்கலும் திங்கள், செவ்வாய், புதன் என்று வார நாட்களில் வருகின்றன, இதைவிட வேறு என்ன வேண்டும். டாலஸில் வியாழக்கிழமை பெய்த பனியைப் பார்த்த பிறகும் வருகிறேன் என்கிறார். அவருக்கு மட்டும் கம்பளிக் கால்சட்டை இரண்டு.

வழி: ஃபோர்ட் வொர்த்திலிருந்து நெடுஞ்சாலை 287 பிடித்து விச்சிட்டா ஃபால்ஸ், குவானா, சில்ட்ரெஸ். எஸ்டெலினில் இடது பக்கம் 86-இல் திரும்பினால் டர்க்கி, அப்புறம் குவிட்டாக்கே. ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில்ட்ரெஸில் பெட்ரோல் நிரப்பிவிடுங்கள், சாமானும் அங்கேயே. அதற்கப்புறம் சின்னச் சின்ன ஊர்கள், குளிர்காலத்தில் கடை ஐந்து மணிக்கே மூடிவிடும். உறைபனி நாட்களில் பார்க்கில் குழாய்களை அடைத்துவிடுவதும் உண்டு, ஆறு காலன் தண்ணீர் காரிலேயே எடுத்துப்போகிறோம்.

ஜனவரி 17

வந்துவிட்டோம். நீளமாக எழுதப்போகிறேன்.

குவானா தாண்டியதிலிருந்து அப்பா பேசவில்லை, சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் சீக்கிரம் எழுந்த களைப்பு என்று நினைத்தேன். சில்ட்ரெஸில் வண்டியை நிறுத்தியதும் இறங்கிப்போய் வேலியோர மரம் ஒன்றின் முள்ளைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டேய், இது நம்ம சீமைக்கருவைடா."

மெஸ்கீட். எத்தனையோ தடவை அந்த மரத்தடியில் கூடாரம் போட்டிருக்கிறேன், எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அதே குடும்பம், அடுத்த இனம். நம் ஊரில் இருப்பதும் இந்த அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். அப்பா முதுகுளத்தூர்ப் பக்கம், வாழ்நாளெல்லாம் அந்த மரத்தை வெட்டியவர், தாத்தா கரிமூட்டம் போட்டவர். பக்கத்திலேயே சப்பாத்திக்கள்ளி. அதுவும் இங்கிருந்து போனதுதான் என்றேன். "அப்ப நான் உன் ஊருக்கு வரல, அது பிறந்த ஊருக்கு வந்திருக்கேன்" என்றார். இந்த ஊர்க்காரர்களும் மெஸ்கீட்டைத் திட்டிக்கொண்டே வெட்டுகிறார்கள், அதே விறகில் இறைச்சி சுடுகிறார்கள் என்று சொன்னபோது மிகவும் திருப்தி அவருக்கு.

ஹனி ஃப்ளாட் கேம்ப்கிரவுண்டில் மின்வசதி உள்ள இடம். முப்பத்தைந்து இடங்களில் எங்களோடு சேர்த்து நான்குதான் நிரம்பியிருந்தன. செம்பாறைச் சரிவுகளில் வெள்ளை வெள்ளையாக ஜிப்சம் கோடுகள், தூரத்திலிருந்து பார்த்தால் காவியும் சுண்ணாம்பும் அடித்த கோயில் மதில்.

போகி அன்று எதையும் கொளுத்தவில்லை, காற்று இருந்தது. பௌர்ணமி. மார்கழித் திருவாதிரைப் பௌர்ணமி. எட்டு மணி வாக்கில் நிலவுக்குப் பக்கத்தில் இருந்த செவ்வாய் அதன் பின்னால் போய் மறைந்தது. மகள் முன்கூட்டியே படித்து வைத்திருந்தாள், தாத்தாவைப் போர்வையோடு வெளியே உட்கார வைத்துவிட்டாள். சிவப்புப் புள்ளி நிலவின் விளிம்பைத் தொட்டு, மங்கி, இல்லாமல் போனது. சுமார் ஒரு மணி நேரம் கழித்து மறுபக்கம் வந்தது. அதுவரை யாரும் உள்ளே போகவில்லை. இருண்ட வானம் பார்க்கவே இங்கே வருகிறோம், அமாவாசை பார்த்துத்தான் தேதி வைப்பேன், இந்தத் தடவை மட்டும் நிலவைக் குறை சொல்ல மாட்டேன்.

பொங்கல் காலை 23 டிகிரி. மேசையின் மேல் புரொப்பேன் அடுப்பு, காற்றுக்கு மறைப்பாகத் தகரத் தடுப்பு. வெண்கலப் பானை கொண்டுபோகவில்லை, குக்கர் பாத்திரம்தான், கழுத்தில் மஞ்சள் கொத்து, அர்விங் கடையில் வாங்கியது. பால் பொங்க இருபது நிமிடம். பொங்கியபோது சூரியன் பாறை விளிம்புக்கு மேல் அப்போதுதான் வந்தது. நாங்கள் திட்டமிடவில்லை. பொங்கலோ பொங்கல் என்று மெதுவாகத்தான் சொன்னோம். அப்பா மட்டும் சத்தமாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். காலை ஒன்பது மணிக்குக் கூடாரத்துக்கும் சாலைக்கும் நடுவில் பைசன் எருமைகள் வந்தன, பதினொன்று எண்ணினேன். அந்தப் பார்க்கில் அவற்றுக்கு வேலி கிடையாது, இஷ்டப்படி திரியும். லட்சக்கணக்கில் சுட்டுத் தீர்த்துக்கொண்டிருந்த 1870-களில், சார்ல்ஸ் குட்நைட் என்ற பண்ணைக்காரர் மனைவி மேரி ஆன் வற்புறுத்தியதால் சில கன்றுகளைப் பிடித்து வளர்த்தார். அந்த வம்சம்தான் இது. 1997-இல் இங்கே கொண்டுவந்தார்கள். டெக்சஸ் மாநிலத்தின் அதிகாரபூர்வ பைசன் மந்தை இதுவே.

எல்லோரும் காருக்குள் போய்விட்டோம். ஒரு பசு, மூக்கிலிருந்து புகை மாதிரி மூச்சு, முதுகு ரோமத்தில் உறைபனி, எங்கள் மேசையைத் தாண்டிப் போனது. அப்பா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து கை கூப்பினார். அவர் மாடு வைத்திருந்த கடைசி வருடம் 2012, மழை பொய்த்து விற்றார். அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. அன்று காருக்குள் உட்கார்ந்து இரண்டு மாட்டின் பெயரையும் சொன்னார்.

ஜனவரி 18

பைசன் அவ்வளவு பக்கத்தில் வரலாமா என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். அவை வரலாம், நாம் போகக் கூடாது. குறைந்தது 50 கஜம் தள்ளி இருக்க வேண்டும், அதுவாக வந்தால் வண்டிக்குள் போய்விட வேண்டும். வால் மேலே நிமிர்ந்தால் கோபம். சாந்தமாகத் தெரிகிறது என்று போட்டோ எடுக்கப் போய் முட்டு வாங்கியவர்கள் உண்டு. உணவை வெளியே வைக்காதீர்கள், மஞ்சள் கொத்தைக்கூட நான் காருக்குள் போட்டேன்.

பிப்ரவரி 3

ஃபோர்ட் டேவிஸ் பக்கம் போகிறவருக்கு: டேவிஸ் மவுன்டன்ஸ் கேம்ப்கிரவுண்ட் 5,000 அடி உயரம் வாக்கில். தண்ணீர் 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், அரிசி விறைத்துக்கொண்டே இருக்கும், துவரம் பருப்பு வேகவே வேகாது. சின்ன குக்கர் எடுத்துப்போங்கள்.

பிப்ரவரி 16

கேள்வி கேட்ட தம்பி போய் வந்துவிட்டார். டைலர் ஸ்டேட் பார்க், ஞாயிறு பிற்பகலிலிருந்து செவ்வாய் வரை, கம்பி வலை அடித்த ஷெல்டரில். நல்ல தேர்வு, முதல் தடவைக்கு வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இருப்பது நல்லது, முடியவில்லை என்றால் நடுராத்திரியில் கிளம்பி வந்துவிடலாம். ஷெல்டருக்குச் சுவர் இருக்கும், சூடு இருக்காது. அதை நான் எழுதத் தவறிவிட்டேன், மன்னிக்கவும். வலை வழியாகக் காற்று வந்ததால் உள்ளேயே கூடாரத்தைப் போட்டுவிட்டார்களாம். குழந்தை ஒன்பது மணி நேரம் தூங்கியது என்று எழுதியிருக்கிறார். அந்த வரியை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

தாயம் விதிமுறை கேட்டிருக்கிறார், தனியாக அனுப்புகிறேன்.

ஜூன் 17

வெளியே 97 டிகிரி. நவம்பர் 18, செவ்வாய், காடோ ஏரிக்கு நாளை முன்பதிவு திறக்கிறது. அப்பா ஊருக்குத் திரும்பிவிட்டார், ஆனால் மெஸ்கீட் மர போட்டோவை டீக்கடையில் எல்லோருக்கும் காட்டிவிட்டாராம்.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பவர்களுக்கு: வரைபடத்தில் கழிவறையிலிருந்து மூன்றாவது அல்லது நான்காவது இடம். பக்கத்தில் இருந்தால் இரவெல்லாம் கதவுச் சத்தம், தள்ளிப் போனால் குளிரில் நடை. வடக்கே மரம், கிழக்கே திறப்பு, காலை வெயில் முதலில் கூடாரத்தில் விழட்டும். நவம்பர் மாத வேட்டைத் தேதிகளை அங்கே இன்னும் போடவில்லை, செப்டம்பரில் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.